நாலு இடத்தில் காது

தூறல் என்கிற அந்தக் குதிரை பின்னங்காலால் தன் வயிற்றை உதைத்துக்கொண்டது. இன்னொரு தடவை உதைத்தது. பிறகு கழுத்தைத் திருப்பித் தன் விலாவையே பார்த்தது, யார் குத்தினார்கள் என்று பார்க்கிற மாதிரி.

அதன் மேல் உட்கார்ந்திருந்த தணிகாசலம் ஈ கடிக்கிறது என்று நினைத்தார். குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார். குதிரை நகரவில்லை. முன்னங்காலை மடக்கிப் படுக்கப் பார்த்தது.

"இறங்குங்க," என்றாள் ஜெசிந்தா.

அவர் இறங்குவதற்குள் அவள் தன் குதிரையிலிருந்து குதித்து வந்துவிட்டாள். வாரை அவிழ்த்துச் சேணத்தைக் கீழே தள்ளினாள். தூறலின் இடுப்புக்குப் பக்கத்தில், மேலே ஒரு இடத்தில் காதை வைத்தாள். அப்புறம் கீழே ஒரு இடம். சுற்றிப் போய் அந்தப் பக்கம் மேலே, கீழே. மொத்தம் நாலு. ஒன்றிலும் குடல் சத்தம் இல்லை. உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டாள். வெளுத்த இடம் சிவக்க ரொம்ப நேரம் எடுத்தது.

"கடைசியா எப்ப கேட்டீங்க?"

"காலையில, குளத்துக்கிட்டங்க டீச்சர்."

"நாலு இடமும்?"

"நாலும்."

பொய்.

தணிகாசலத்துக்கு நாற்பத்தெட்டு வயது. மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். ஜெசிந்தாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தூரச் சவாரி தெரிந்தவள் அவள், தெரியாதவர் அவர். அதனால் அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை அண்ணே என்பாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தியூர்க் குதிரைச் சந்தையில்தான் தூறலை வாங்கினார். வெள்ளை உடம்பில் சாம்பல் புள்ளி, தூறல் விழுந்த சிமெண்டுத் தரை மாதிரி. ஏன் வாங்கினீங்க என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வாய்க்கால் கரையில் அதன் மேல் போகும்போது தென்னந்தோப்பு ரெண்டு பக்கமும் மெதுவாக நகரும். பட்டறைச் சத்தம் மண்டையிலிருந்து இறங்கிவிடும். பத்துக் கிலோமீட்டர் போனார். அப்புறம் இருபது, முப்பது. இப்போது ஆடி மாதம். அதே சந்தைக்கு உடுமலையிலிருந்து குதிரையிலேயே நாலு நாள் பயணம் கிளம்பியிருக்கிறார்கள். அவர், ஜெசிந்தா, கூடவே கபூர் பாய். கபூர் பாய் அவருடைய பழைய கூட்டாளி, டயர்க் கடைக்காரர்.

இன்றைக்கு ரெண்டாவது நாள். மணி பதினொன்று. சுற்றிலும் காற்றாலைகள். ஒரு வீடு கண்ணில் படவில்லை.

குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது ஒரே வழியாகத்தான் வெளியே வரணும். அதனால் அதன் குடல் சும்மா இருக்காது. நின்றாலும் நடந்தாலும் உள்ளே எதாவது உருளும், ஓடும், கொட்டும். அந்தச் சத்தம் நின்றால் குடல் நின்றுவிட்டது என்று அர்த்தம். குடல் நின்றால் குதிரை போய்ச் சேர்ந்துவிடும். பல சமயம் அன்றைக்கே.

அதற்காக ஜெசிந்தா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிற்பார்கள். அவரவர் குதிரையை அவரவர்தான் கேட்கணும். நாலு இடத்தில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எத்தனை இடத்தில் சத்தம் இருக்கிறது என்று உரக்கச் சொல்லணும். எல்லோரும் சொன்ன பிறகுதான் மனுஷர்களுக்குத் தண்ணீர். கபூர் பாய் "நாலு, உள்ள பிரியாணிக்குத் தம் போட்டிருக்காங்க" என்பார். தணிகாசலம் வெறுமனே "நாலு" என்பார்.

முதல் மாதம் ஒரு இடத்தில் கேட்டுவிட்டு நாலு என்றார். அப்புறம் அதுவும் இல்லை. குதிரைமேல் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, எத்தனை கிலோமீட்டர் ஆச்சு என்று போனைப் பார்ப்பார். வியர்வையும் முடியும் காதில் ஒட்டுவது அவருக்குப் பிடிக்காது. குதிரை நன்றாகத்தானே ஓடுகிறது, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தார்.

ஒவ்வொரு பயணமும் முடியும்போது ஒரே கேள்வி கேட்பார். "டீச்சர், நான் எப்பங்க நல்ல சவாரிக்காரன் ஆவேன்?"

"வாரைத் தளர்த்துங்க," என்பாள் அவள். அவ்வளவுதான் பதில்.

இன்று காலை நல்ல வேகம் கிடைத்தது. அந்த வேகத்தை விட மனசு வரவில்லை. வழியில் ரெண்டு இடத்தில் தொட்டி இருந்தது. ரெண்டிலும் தூறலைக் குடிக்க விடாமல் ஓட்டி வந்தார். பின்னால் வந்தவர்களிடம் குடிச்சாச்சு என்றார்.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்கள். வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் உருள விடாதீங்க, மெதுவா நடத்துங்க, தீனி காட்டாதீங்க என்றார். கபூர் பாய் மற்ற ரெண்டு குதிரைகளையும் பிடித்துக்கொண்டு, பக்கத்து ஊரில் அவற்றைக் கட்டிவிட்டு லாரி பார்க்கக் கிளம்பினார். எந்த நேரத்திலும் எதாவது நக்கல் அடிக்கிற ஆள். அன்றைக்குத் தணிகாசலத்தின் தோளை ஒரு தடவை அமுக்கிவிட்டுப் போனார். அதுதான் தணிகாசலத்துக்குப் பயத்தைக் கிளப்பியது.

அவர் கயிற்றைப் பிடித்துத் தூறலை நடத்தினார். இருபது அடி போகும், நிற்கும். கழுத்தெல்லாம் வியர்வை. காற்று அடித்தும் காயவில்லை.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நெஞ்சுத் துடிப்பை எண்ணினார், நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது அறுபத்தெட்டு இருந்தது. ஊசி போட்டார். மூக்கு வழியாக நீளக் குழாயை உள்ளே விட்டு எண்ணெயும் தண்ணீரும் ஊற்றினார். கழுத்து நரம்பில் பாட்டில் ஏற்றினார். எல்லாம் முடித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். வலி குறையும். வலி குறைந்ததை வைத்துப் பிழைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் குடல் சத்தம் திரும்பணும். திரும்பாவிட்டால் ஆபரேஷன். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், அவ்வளவு தூரம் லாரியில் தாங்குமா என்பது அவருக்கே தெரியவில்லை. இன்னொரு ஊரில் ஒரு மாடு கன்று போட முடியாமல் கிடக்கிறது, போய்விட்டு வருகிறேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டே இருங்கள் என்றார். ஜீப் போய்விட்டது.

தணிகாசலம் காதை வைத்தார். வைத்த உடனே தலையை நிமிர்த்தினார்.

"கேக்குதுங்க டீச்சர்."

"எப்படிக் கேக்குது?"

"உஸ்ஸு, உஸ்ஸுன்னு. விட்டு விட்டு."

ஜெசிந்தா மேலே கையைக் காட்டினாள். "அது காத்தாடி."

அவர் அண்ணாந்து பார்த்தார். நேர் மேலே இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. உஸ்ஸு. உஸ்ஸு.

உழாமல் கிடந்த காட்டின் ஓரத்தில் ஒரு பழைய கிணற்று மோட்டார் ரூம் இருந்தது. கதவு கிடையாது, சுவர் மட்டும். அதன் மறைவில் காற்று குறையும் என்று தூறலை அங்கே நடத்திப் போனார்கள். அங்கே போய் மறுபடி காதை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். முகம் மலர்ந்தது.

"இப்ப நிச்சயமாங்க. கொடகொடன்னு."

ஜெசிந்தா அவர் வயிற்றைக் காட்டினாள். "அண்ணே, அது உங்க வயிறு. எனக்கே இங்க கேக்குது."

காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வேற நாளாக இருந்தால் ரெண்டு பேரும் சிரித்திருப்பார்கள்.

அவர் சுவரில் சாய்ந்தார். தூறல் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. ஊசியில் வலி குறைந்திருந்தது. உதைக்கவில்லை. அமைதியாக இருந்தது. டாக்டர் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

"டீச்சர்," என்றார். "நான் நாலு இடத்துலயும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லைங்க."

"எப்ப இருந்து?"

"மொதல்ல இருந்தே."

"தண்ணி?"

"காலையில ரெண்டு தொட்டியிலயும் காட்டலைங்க."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நீங்க நாலுன்னு சொன்ன பிறகுதான் நான் தண்ணி குடிச்சேன்," என்றாள். "ஒவ்வொரு தடவையும்."

மூன்று மணி ஆகியிருந்தது.

"நீங்க கேட்டுச் சொல்லுங்க டீச்சர். என் காதை நான் நம்ப மாட்டேன்."

"நான் கேட்டா எனக்குத்தான் கேக்கும்."

"விளையாடற நேரமாங்க இது? உசுருங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அவருக்குக் கோபம் வந்தது. வந்தாலும் கயிறு கையில் இருந்தது, எங்கேயும் போக முடியாது. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். அவர் கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி வாடகைக்குக் குதிரை விட்டவர். ஒரு தடவை லாடம் அடிக்கும்போது குதிரை உதைத்து ரெண்டு காதும் பாதிக்கு மேல் போய்விட்டது. பக்கத்தில் நின்று கத்தினால்தான் கேட்கும். ஆனாலும் தினமும் ஒவ்வொரு குதிரை வயிற்றிலும் கன்னத்தை வைத்து நிற்பார். இருபத்தி ரெண்டு வருஷத்தில் ஒரு குதிரைகூட அவரிடம் வயிற்று வலியில் சாகவில்லை. காது நன்றாக இருந்த மற்றவர்களிடம் செத்திருக்கிறது.

"அவருக்கு எப்படிங்க கேட்டுது?" என்றார் தணிகாசலம்.

"தனக்குக் கேக்காதுன்னு அவருக்குத் தெரியும்."

அவர் போனை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். தூறலின் இடது பக்கம், கீழே, காதை வைத்தார். கன்னமும் சேர்ந்து அழுந்தியது. வியர்வையும் முடியும் ஒட்டியது.

ஒன்றும் இல்லை.

பானையைக் கவிழ்த்து அதற்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. எதாவது இருக்கும் என்று இழுத்துப் பிடித்துக் கேட்டார். இல்லை. வெளியே இவ்வளவு பெரிய உடம்பு சூடாக நிற்கிறது. மூச்சு விடுகிறது. தோல் ஈயை விரட்டிச் சிலிர்க்கிறது. உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. அவர் ரெண்டு வருஷம் இதன் மேல் உட்கார்ந்து போயிருக்கிறார். இதற்கு உள்ளே ஒன்று இருக்கிறது என்பதை இன்றைக்குத்தான் நினைத்தார். அதுவும் நின்றுபோன பிறகு.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று டாக்டர் சொன்னார். அவர் காதை எடுக்கவே இல்லை. குதிரை ரெண்டு அடி நகர்ந்தால் கூடவே நகர்ந்தார். கழுத்து வலித்தது. கால் மரத்தது.

நாலு மணிக்குக் காற்று கொஞ்சம் அடங்கியது.

அப்போது எங்கேயோ ஆழத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

அவர் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே ரெண்டு தடவை ஏமாந்தாச்சு. மூச்சை அடக்கினார். தன் வயிற்றில் கையை வைத்து அழுத்திக்கொண்டார். காத்தாடியைத் திரும்பிப் பார்த்தார், அது தன் பாட்டுக்குச் சுற்றியது, இந்தச் சத்தம் அது இல்லை.

இன்னொரு சொட்டு. அப்புறம் நீளமாக ஒன்று.

வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால், தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே ஒரு சத்தம் வரும். காய்ந்த சருகையும் குச்சியையும் முன்னால் தள்ளிக்கொண்டு, மெதுவாக, கரகரவென்று. அந்தச் சத்தம். அது தூறலின் விலாவுக்குள் ஒரு ஓரத்திலிருந்து கிளம்பி, அவர் காதுக்கு நேரே வந்து, தாண்டி, இருட்டில் எங்கேயோ போய் இறங்கியது.

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"எத்தனை?" என்றாள் ஜெசிந்தா.

மேலே வைத்துக் கேட்டார். அந்தப் பக்கம் போய்க் கேட்டார். அவசரப்படவில்லை. திரும்பி வந்தார்.

"ஒண்ணுங்க."

அவள் தலையை ஆட்டினாள். அவர் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் ஒண்ணு அது.

நாலரைக்கு ரெண்டு ஆனது. ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது மூன்று. இப்போது உள்ளே மலையில் இடி உருள்கிற மாதிரி இருந்தது. கல் சரிகிற மாதிரி, யாரோ பெரிய அண்டாவை நகர்த்துகிற மாதிரி. அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். இத்தனை ஞாயிற்றுக்கிழமையும், வாய்க்கால் கரை அமைதியாக இருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டு போன நேரமெல்லாம், அவருக்குக் கீழே ஒரு முழத்தில் இத்தனையும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

தூறல் வாலைத் தூக்கியது. சாணம் போட்டது. ஈரம் பளபளக்கிற நாலு உருண்டை, கூடவே ஒரு பெரிய காற்று. கோயில் கதவு திறந்ததைப் பார்க்கிற மாதிரி ரெண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

டாக்டருக்குப் போன் போட்டாள் ஜெசிந்தா. அவர் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டார், அவள் எண்ணி நாற்பத்து நாலு என்றாள். சாணத்தைப் பற்றிக் கேட்டார், சொன்னாள். அப்படியென்றால் ஆபரேஷன் வேண்டாம், பிழைத்துவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள், ஒரு மாசத்துக்குச் சேணம் ஏறக் கூடாது என்றார்.

லாரி மண் பாதையில் ஆடிக்கொண்டு வந்து நின்றது. கபூர் பாய் முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். முதலில் குதிரையைப் பார்த்தார். அப்புறம் சாணத்தைப் பார்த்தார். அப்புறம்தான் அவருக்குப் பழைய வாய் திரும்பியது. "ஏண்டா தணிகா, அந்தியூர்ச் சந்தைக்குப் போறேன்னு கிளம்பி, சாணிக்குக் காவல் நிக்கறியா?"

தணிகாசலம் நாலாவது இடத்துக்குப் போயிருந்தார். வலது பக்கம், மேலே, இடுப்பெலும்புக்குக் கீழே இருக்கிற குழி. அங்கே சத்தம் ஓயாமல் வராது. நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்தால் உண்டு. அதுவரைக்கும் நிற்கணும். எந்த நாளும் அவர் அங்கே ஒரு நிமிஷம் நின்றதில்லை.

நின்றார்.

லாரிக்காரர் பின்கதவை இறக்கிப் பலகை போட்டார். கபூர் பாய் வைக்கோலைப் பரப்பினார். வெயில் சாய்ந்து மோட்டார் ரூம் நிழல் நீண்டு குதிரையின் காலைத் தொட்டது.

வந்தது. மேலே இருந்து கீழே, ஒரே இறக்கமாக, மலை உச்சியில் நிறைந்த ஏரி ஒன்று மடை திறந்து கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் கொட்டுகிற மாதிரி. கொட்டி முடித்து அடங்கியது. அவருடைய தலை முழுக்க அந்த அடக்கம் நிறைந்தது.

அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"டீச்சர், இது என்னங்க சொல்லுது?"

"உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலைண்ணே," என்றாள் ஜெசிந்தா. "அது பாட்டுக்கு அது வேலையைப் பாக்குது. நீங்க கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி."

லாரிக்காரர் நேரமாகுது என்று ஹாரன் அடித்தார்.

"ஏத்தணும். காதை எடுங்க," என்றாள்.

அவர் எடுக்கவில்லை.